தைமூர்னு யாராவது பிள்ளைக்குப் பேர் வைப்பாங்களா?

9 நவம்பர், மாலை 6.10 (வாசகர் ஒருத்தர் கேட்டது)

ஸ்கூல்ல 1398 டெல்லி படையெடுப்பு தைமூர்னு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதுனவன் நான். மண்டை ஓட்டை அடுக்கி கோபுரம் கட்டுன ஆளு. 2016 டிசம்பர்ல ஒரு ஹிந்தி நடிகர் ஜோடி பிள்ளைக்கு அந்தப் பேரை வச்சதும் ட்விட்டர்ல என்ன ரகளை நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். அப்ப சில பேர் "அது பழைய பாரசீகப் பேருப்பா, இரும்புன்னு அர்த்தம்"னு சமாதானம் சொன்னாங்க. இரும்புன்னே இருக்கட்டும், ஒரு கொலைகாரன் பேரை வைக்கிறவன் என்ன நெனச்சு வைக்கிறான்? அந்தப் பக்கம் இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

9 நவம்பர், இரவு 11.05

நான் இருந்திருக்கேன். பிஷ்கெக்ல ஆறு வருஷம், எம்பிபிஎஸ். கிர்கிஸ்தான்ல படிச்சவன்னு சொன்னா நம்மூர்ல ஒரு மாதிரி பாப்பாங்க, அது வேற கதை, விடுங்க.

மொதல்ல ஒரு திருத்தம். பாரசீகத்துல இரும்புக்கு ஆஹன்னு பேரு. தைமூர் பாரசீகமே கெடயாது, துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொல்லு. பழைய ரூபம் தெமூர், அந்த "மூ"வை உதட்டைக் குவிச்சுக்கிட்டு "மீ" சொல்ற மாதிரி சொல்லணும், தமிழ்ல அதுக்கு எழுத்தில்ல. இன்னைக்கு துருக்கிக்காரன் டெமிர்ங்கறான், கசாக், கிர்கிஸ் ரெண்டு பேரும் தெமிர், தாத்தார்காரன் திமெர், மங்கோலியாக்காரன் தொமொர். எல்லாம் இரும்புதான், கடையில ஆணி வாங்கப் போனாலும் இதே வார்த்தைதான்.

பிஷ்கெக் போன மொத வாரம் ரயில்வே ஸ்டேஷன் போர்டுல "தெமிர் ஜோல்"னு எழுதிருந்துச்சு. ஜோல்னா வழி. அப்ப இரும்பு வழி. நம்ம இருப்புப்பாதை! துருக்கியில டெமிர்யோலு, உஸ்பெக்ல தெமிர் யோல், மங்கோலியாவுல தொமொர் ஸாம், எல்லாம் அதே கட்டுமானம். இருப்புப்பாதை போலீஸ்னு எங்கூர் ஸ்டேஷன்ல சின்ன வயசுல படிச்சுட்டு, இருப்புன்னா என்ன, யாரு எங்க இருக்காங்கன்னு கொழம்புனது அன்னைக்குத்தான் தெளிஞ்சுது.

அந்த ஊர்ல தெமிர், தெமிர்லான், தெமிர்பெக், தீமூர்னு ஒரு கிளாஸ்க்கு ரெண்டு பேராவது இருப்பான். யாரும் டெல்லியை நெனச்சு வச்ச பேர் கெடயாது. மீதி நாளைக்கு.

10 நவம்பர், காலை 7.30

தூக்கம் வரல, அதனால எழுதிர்றேன். ரெண்டாவது வருஷத்துல ஹாஸ்டல விட்டுட்டு நாங்க மூணு பசங்க ஒரு பாட்டி வீட்ல வாடகைக்குப் போனோம். கிர்கிஸ்ல அம்மாவ, வயசான பொம்பளைங்கள "அபா"ன்னு கூப்பிடணும். ஊர்ல இருந்து எங்கம்மா போன் பண்றப்ப நான் "அபா, அபா"ன்னு சத்தம் போடுறதக் கேட்டுட்டு, "யாருடா அது, அங்க எந்த அப்பாவ புடிச்சு வச்சிருக்க"ன்னு கேட்டது இன்னும் வீட்ல ஓடுற ஜோக்.

அந்த அபாவோட மருமகளுக்கு மொத குழந்தை தங்கல. நாங்க குடி போன வருஷம் ரெண்டாவது பையன் பொறந்தான். நாப்பது நாளுக்கு வெளியாள் பாக்கக் கூடாதுன்னு எங்களயே சமையக்கட்டு வழியா போகச் சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் பாக்க விட்டாங்க. மரத் தொட்டில், பெஷிக்னு சொல்லுவாங்க, மேல ஒரு பிடி இருக்கும், அது மேல போர்வைய மூடி வச்சிருப்பாங்க. பிள்ளைய உள்ள வச்சு துணியால கட்டிருந்துச்சு. அபா தலகாணிய சரி பண்றப்ப அடியில ஒரு சின்னக் கத்தி. பிடியில துணி சுத்தி, முனை பிள்ளைக்குப் படாம வெளிப்பக்கம் பாத்து. நான் பதறிட்டேன். அபா ஒண்ணுமே நடக்காத மாதிரி கத்தியத் தொட்டுக் காட்டி "தெமிர்"னாங்க, அப்புறம் பிள்ளையத் தொட்டு "தெமிர்"னாங்க.

அவன் பேரே அதான்.

அல்பர்ஸ்தின்னு ஒரு பேய் இருக்காம் அங்க. பிரசவமான பொம்பளயயும் பச்சப் புள்ளயயும் புடிக்கும். அதுக்கு இரும்பு ஆகாது, இரும்படிக்கிற கொல்லர்னா இன்னும் ஆகாது. எங்க பாட்டி பிள்ளை பெத்தவ கட்டிலுக்கு அடியில அருவாளப் போட்டு வச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க? வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, நம்ம அருவாளப் போட்டதோட நிறுத்திக்கிட்டோம், அவங்க அதையே பேராவும் வச்சிட்டாங்க. தலகாணிக் கத்திய ஒரு வயசுல எடுத்துரலாம், பேர் கூடவே போகும்ல.

10 நவம்பர், மதியம் 1.15

"ஒரு வீட்டை வச்சு ஒரு இனத்தையே சொல்லாதீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம். ஆனா இது அந்த ஒரு வீட்டு விஷயம் இல்ல, துருக்கிய மக்கள் இருக்கற எடமெல்லாம் இப்படிப் பேர்ல ஒரு பெரிய கூட்டமே இருக்கு. துருக்கியில துர்சுன்னா "இருக்கட்டும், நிக்கட்டும்". யஷார்னா "வாழ்வான்". உஸ்பெக்ல தொக்தசின்னா "நிக்கட்டும்", ஓல்மாஸ்னா "சாகமாட்டான்". தாஷ் கல்லு, தெமிர் இரும்பு, ரெண்டையும் சேத்து தாஷ்தெமிர்னு கூட வைப்பாங்க, கல்லும் போதல போல.

இன்னொண்ணு கேளுங்க. கிர்கிஸ்தானோட நூறு சோம் நோட்டுல இருக்கறவர் தொக்தோகுல் சதில்கனோவ், 1864ல பொறந்த பாட்டுக்கார கவிஞர், கையில கோமுஸ்ங்கற தந்தி வாத்தியம் வச்சுக்கிட்டு பாடுனவர், பெரிய அணைக்கட்டுக்கும் அவர் பேர்தான். தொக்தோன்னா "நில்லு". அப்பா பேரு சதில்கன், அதுக்கு அர்த்தம் "விக்கப்பட்டவன்". துருக்கியில இதே பேரு சதில்மிஷ். பிள்ளை தங்காத வீட்ல பொறந்த குழந்தைய பக்கத்து வீட்டுக்கு வித்துட்டு மறுபடி காசு குடுத்து வாங்குவாங்க, இது நம்ம புள்ள இல்ல போலன்னு கெட்டது ஏமாந்து போயிரும்னு.

தவிட்டுக்கு வாங்குன புள்ளைன்னு நம்மள எத்தன தடவ அழ விட்ருப்பாங்க! எங்க சித்தப்பா பேரு பிச்சை. அவருக்கு முன்னாடி மூணு போச்சு. அதனால பிஷ்கெக்ல எனக்கு இந்தப் பேரெல்லாம் புதுசாவே தெரியல, மொழிதான் புதுசு.

10 நவம்பர், இரவு 9.50

செங்கிஸ்கானோட சொந்தப் பேரு தெமூஜின், அதுலயும் இதே தெமூர் இருக்கு. கொல்லன்னு அர்த்தம், ஏன்னா அவர் மொதல்ல கொல்லரா இருந்தவர். தம்பி தெமூகே, தங்கச்சி தெமூலுன். குடும்பமே இரும்புக் கடை.

11 நவம்பர், காலை 8.20

நேத்து ராத்திரி எழுதுனதுல பாதி தப்பு, திட்டுனவருக்கு நன்றி, கொஞ்சம் மெதுவா திட்டிருக்கலாம். தெமூஜின் கொல்லரெல்லாம் கெடயாது. பேர்ல இரும்பு இருக்கறதால கெளம்புன கதை அது. 13ஆம் நூற்றாண்டுல மங்கோலியா வரைக்கும் போன ரூப்ருக் வில்லியம்ங்கற பாதிரியாரே அவர கொல்லன்னு எழுதி வச்சுட்டார், நான் எம்மாத்திரம். அப்பா யெசூகெய், தெமூஜின் ஊகேங்கற தாத்தார் தலைவனப் புடிச்சுட்டு வந்த நேரத்துல பிள்ளை பொறந்துச்சு, புடிபட்டவன் பேரையே பிள்ளைக்கு வச்சுட்டாங்க. ஜெயிச்சதோட அடையாளமா எதிரி பேர பிள்ளைக்கு வைக்கிறது. யோசிச்சுப் பாத்தா மொத கேள்வி இங்க வந்து தலைகீழா நிக்குது.

தம்பி தங்கச்சி பேர் மட்டும் சரி.

11 நவம்பர், மதியம் 3.00

கொல்லர்னு பேச்சு வந்ததால இது. ஆறாம் நூற்றாண்டுல கோக்துருக்குங்கற துருக்கிய ஆளுங்க அல்தாய் மலைப் பக்கம் ரூரான் அரசுக்கு இரும்பு அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தவங்க. அவங்க தலைவன் பூமின், ரூரான் ராஜா கிட்ட பொண்ணு கேட்டார். "நீ என் கொல்லப்பட்டறை அடிமை, நீ வந்து பொண்ணு கேக்கறியா"ன்னு பதில் வந்துச்சு, சீன வரலாற்றுல இது பதிவாயிருக்கு. 552ல பூமின் ரூரானையே அடிச்சுப் போட்டுட்டார். துருக்குங்கற பேர்ல மொத பேரரசு அப்படித்தான் ஆரம்பிக்குது. இரும்படிக்கிறவன்னு ஏளனமா சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த ராஜா குடுத்த விலை அது.

அதுக்கப்புறம் இரும்பு வேணும்ங்கற எடத்துலயெல்லாம் அவங்க மொழியில இரும்பு. சமர்கந்துக்குத் தெக்க ஒரு கணவாய் இருக்கு, தெமிர் கபிக், இரும்புக் கதவு. 732ல குல் தெகின்ங்கற துருக்கு இளவரசனுக்கு நட்ட கல்வெட்டுல "இரும்புக் கதவு வரைக்கும் படை நடத்தினோம்"னு வருது. கசாக்காரங்க துருவ நட்சத்திரத்த தெமிர்கசிக்னு சொல்லுவாங்க, இரும்பு முளைக்குச்சி. வானத்துல அடிச்சு வச்ச முளை, பக்கத்துல ரெண்டு நட்சத்திரம் அதுல கட்டுன குதிரைங்க, ராத்திரி பூரா சுத்திக்கிட்டே இருக்கும். ஆடு குதிரை மேய்ச்சவனுக்கு வானத்தப் பாத்தா அப்படித்தான தோணும். இது எனக்கு ரொம்பப் புடிச்ச பேரு, இசிக்குல் ஏரிக்கரையில படுத்துக்கிட்டு ஒரு கசாக் நண்பன் காட்டுனப்ப மூணு நிமிஷம் நானும் முளையத் தேடுனேன்.

12 நவம்பர், இரவு 10.15

"இரும்புங்கறது சாமி மாதிரியா, வெறும் உறுதிக்கு உவமையா"ன்னு கேள்வி. ரெண்டுக்கும் நடுவுல. மஹ்மூத் அல் காஷ்கரின்னு ஒருத்தர் 1070கள்ல பாக்தாத்ல உக்காந்து துருக்கிய மொழிக்கு ஒரு அகராதி எழுதுனார், அரபி தெரிஞ்சவங்களுக்கு. அதுல இரும்புங்கற சொல்லுக்கு நேரா ஒரு பழக்கம் எழுதுறார். கிர்கிஸ், யபாகு, கிப்சாக் ஆளுங்க சத்தியம் பண்றப்ப வாளை எடுத்து முன்னாடி குறுக்கால வச்சு, "இது நீலமா உள்ள போகட்டும், செவப்பா வெளிய வரட்டும்"னு சொல்லுவாங்களாம். சத்தியத்த மீறுனா இந்த இரும்பே என் ஒடம்புல எறங்கட்டும்னு அர்த்தம். இரும்ப அவங்க பெருசா மதிக்கறாங்கன்னு காரணமும் அவரே எழுதிட்டார். கிர்கிஸ்னு பேர் சொல்லியே எழுதிருக்கார் பாருங்க. எங்க அபா தலகாணி கத்திக்கும் அந்த வாளுக்கும் நடுவுல ஒம்பதரை நூற்றாண்டு, நடுவுல இஸ்லாம் வந்துச்சு, ஜார் வந்தான், சோவியத் வந்து போச்சு, கத்தி மட்டும் அங்கயே இருக்கு.

இரும்பொறைன்னு சேர ராஜா பேர் இருக்கே, நம்மளும் இரும்புதானன்னு ஒருத்தர் கேக்கறார். இல்லீங்க. அது இரும் பொறை, பெரிய மலை. இரும்புப் பேர் வேணும்னா பக்கத்துல பாருங்க, ரஷ்ய மொழியில ஸ்தால்னா எஃகு, அதுல இருந்து வந்த பேர்தான் ஸ்டாலின். நம்மூர்ல அந்தப் பேர் வச்சவங்க எஃகை நெனச்சு வைக்கல, ஆளை நெனச்சுத்தான் வச்சாங்க. அப்ப கேள்வி கேட்டவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, பேர் வைக்கிறவன் சில நேரம் அர்த்தத்தப் பாக்கறதில்ல.

14 நவம்பர், காலை 6.45

நான் மொத நாள் "யாரும் டெல்லியை நெனச்சு வச்ச பேர் கெடயாது"ன்னு அடிச்சு விட்டேன். பாதிதான் சரி. டெல்லிய நெனச்சு இல்லதான், ஆனா அந்த ஆள நெனச்சு வைக்கறவங்க உண்டு, உஸ்பெகிஸ்தான்ல.

நாலாவது வருஷ லீவுல தாஷ்கந்த் போனேன். ஊர் நடுவுல தைமூர் குதிரை மேல, கைய நீட்டிக்கிட்டு. 1993ல வச்ச சிலை, அதுக்கு முன்னாடி அதே எடத்துல கார்ல் மார்க்ஸ் தலை இருந்துச்சாம். சோவியத் போனதும் தேசத்துக்கு ஒரு அப்பா தேவப்பட்டுச்சு, இவர எடுத்துக்கிட்டாங்க. அங்க அமீர் தெமூர்னுதான் சொல்லணும். நான் தெரியாத்தனமா கைடு கிட்ட தைமூர்லாங்னு சொல்லிட்டேன், மூஞ்சி மாறிடுச்சு. லாங்னா பாரசீகத்துல நொண்டி. எதிரிங்க வச்ச பட்டப்பேரு அது, அதுலருந்துதான் வெள்ளக்காரனோட தாமர்லேன் வந்துச்சு. நம்ம பாடப் புத்தகம் வழியா வர்றவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்.

அப்புறம் ரயில்ல சமர்கந்த், கூர் எ அமீர், அதான் அவர் கல்லறை. உள்ள தங்க வேலையெல்லாம் கண்ணக் கூசுது, நடுவுல மட்டும் கரும்பச்ச ஜேட் கல்லு ஒண்ணு, குறுக்கால ஒடஞ்சு ஒட்டுன கோடு நல்லாத் தெரியும். 1941 ஜூன்ல கெராசிமோவ்ங்கற சோவியத் விஞ்ஞானி தோண்டி எலும்பப் பாத்தார். வலது கால்ல பழைய காயம், நொண்டிங்கறது நெஜம்னு ஆச்சு. ரெண்டு மூணு நாள்ல, 22ஆம் தேதி, ஜெர்மனி ரஷ்யா மேல பாய்ஞ்சுது, கல்லறையத் தொறந்த சாபம்னு இன்னைக்கும் சொல்றாங்க. ஹிட்லர் அந்தப் படையெடுப்புக்குக் கையெழுத்துப் போட்டது 1940 டிசம்பர்ல. தொறக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வேல செய்யற சாபம்.

சொல்ல மறந்துட்டேன், தைமூர் கான்னு பட்டம் போட்டுக்கவே இல்ல. செங்கிஸ்கான் வம்சம் இல்லாதவனுக்கு அந்தப் பட்டம் கெடயாது. அந்த வம்சத்துப் பொண்ணக் கட்டி கூரேகன்னு போட்டுக்கிட்டார், அதாவது மாப்ள. உலகத்தையே அடிச்சவன் லெட்டர்பேடுல மாப்ளன்னு போட்டுக்கிட்டான்னு நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும். டெல்லி முகலாயர்களும் தங்கள கூர்கானின்னு சொல்லிக்கிட்டாங்க, அது இதான்.

14 நவம்பர், இரவு 11.40

குரான்ல இருந்து வந்த பேருன்னு ஒருத்தர் எழுதிருக்கார். அந்தக் கதை நானும் கேட்டிருக்கேன். குழந்தைய ஒரு ஷேக் கிட்ட எடுத்துட்டுப் போனாங்க, அவர் 67வது அத்தியாயம் ஓதிக்கிட்டு இருந்தார், பூமி நடுங்கும்னு வர்ற எடத்துல "தமூர்"னு ஒரு சொல்லு, அங்க நிறுத்தி அதையே பேரா வச்சுட்டார்னு. இது தைமூரோட சுயசரிதைன்னு ஷாஜகான் காலத்துல வெளிய வந்த ஒரு புத்தகத்துல இருக்கு, அவர் எழுதுனது இல்லன்னு ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கிட்ட புத்தகம். அவர் பொறந்தது 1336. அதுக்கு முன்னாடியே சீனாவுல ஆண்ட குப்லாய் கானோட பேரன் பேரு தெமூர். கதை அழகாத்தான் இருக்கு. துருக்கிப் பேருக்கு அரபிச் சட்டை போட்டு விட்ருக்காங்க.

நம்ம "தை" எங்கருந்து வந்துச்சுன்னா, அரபி எழுத்துல ஒரு யா போட்டு எழுதறாங்க, அத பாரசீகக்காரன் தேமூர்னு படிக்கறான், உருதுக்காரன் தைமூர்ங்கறான், அங்கருந்து நமக்கு. ரஷ்யாக்காரன் தீமூர். தமிழ்ல குறில் எகரம் இருக்கு, நேரா தெமூர்னு எழுதிருந்தா உருதுவ விட நாமதான் கிட்டக்க இருந்திருப்போம். இப்ப மாத்தச் சொன்னா வரலாற்று வாத்தியார் அடிக்க வருவார்.

17 நவம்பர், மதியம் 2.30

இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லன்னு இருந்தேன், ஆனா அபாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போட்டுக் கேட்டேன். என் ரஷ்யன் துருப்பிடிச்சுப் போச்சு, கிர்கிஸ் அதுக்கும் மேல. கேட்டது இதுதான்: உங்க தம்பி பேரு தீமூர், பேரன் பேரு தெமிர், ரெண்டும் ஒரே பேருதான?

இல்லவே இல்லையாம். கோவமே வந்துருச்சு. தம்பி 1950கள்ல பொறந்தவர், அவங்கப்பா ஸ்கூல் வாத்தியார். சோவியத்ல அப்ப அர்காதி கைதார் எழுதுன தீமூர் கதை எல்லா ஸ்கூல்லயும் உண்டு, 1940ல வந்தது. பசங்க ஒரு கூட்டமா சேந்து, போருக்குப் போன சிப்பாய்ங்க வீட்டுக்கு யாருக்கும் தெரியாம தண்ணி எடுத்து வைக்கறது, வெறகு அடுக்கறதுன்னு வேல செய்வாங்க, அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தீமூர். நாடு பூரா பசங்க அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சு, அவங்களுக்கு தீமூரோவ்த்ஸின்னே பேர் ஆயிருச்சு. கைதாரோட சொந்தப் பையன் பேரும் தீமூர்தான். ரஷ்ய வீடுகள்ல கூட அந்தப் பேர் பரவுனதுல இந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால அபா கணக்குல தம்பி பேரு ரஷ்யப் பேரு, புத்தகத்துப் பேரு, நல்ல பையன் பேரு. பேரன் பேரு "நம்ம பேரு". ரெண்டுக்கும் வேர் ஒண்ணுன்னு நான் சொன்னதுக்கு வந்த பதில்: "நீ டாக்டருக்குத்தான படிச்ச?"

சமர்கந்து ராஜா பேரயும் சொல்லிப் பாத்தேன். "அவன் உஸ்பெக்." முடிஞ்சுது.

கேள்வி கேட்ட நண்பரே, உங்களுக்கு பதில் இங்க இருக்குன்னு நெனக்கிறேன். ஒரே சொல்லு, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரா வாழுது, ரெண்டுலயும் நம்ம பாடப் புத்தகத்து ஆளு இல்ல.

17 நவம்பர், மாலை 5.05

மேல "ஒம்பதரை நூற்றாண்டு"ன்னு எழுதுனதக் கூட்டிப் பாத்து சரின்னு சொன்னவருக்கு, ஆமா, எனக்கே ஆச்சரியம்.

20 நவம்பர், காலை 9.00

அபா கிட்டருந்து இன்னொரு வாய்ஸ், இந்தத் தடவ பேரனே பேசுறான். இப்ப ஸ்கூல் போறான். கிளாஸ்ல இன்னொரு தெமிர் இருக்கானாம், அதனால இவனுக்கு பசங்க "தெமிர் ஜோல்"னு பட்டப்பேர் வச்சுட்டாங்க. பின்னாடி அபா "அழுதுக்கிட்டே வந்தான்"னு சொல்றாங்க, அவன் "அழல"ங்கறான், அப்புறம் வாய்ஸ் முடியற வரைக்கும் எனக்காக ரயில் மாதிரி கூவிக் காட்டுனான். பதினெட்டு செகண்டு.